கடிகாரக்காரர் அவுட்டாகாத கதை

கிரிக்கெட்டை விட்டுவிடுவது என்று கடிகாரக்காரர் முடிவு செய்தார்.

லேசுப்பட்ட முடிவா இது? கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே ரயிலடி கிளப்பின் இரண்டாவது டீமுக்கு ஆடிவருகிற மனிதர். இரண்டாவது டீம்தானே என்று யாரும் இளக்காரமாக நினைத்துவிட வேண்டாம். முதல் டீம் தோற்றால் ஊரே திட்டும். இரண்டாவது டீம் தோற்றால் யாருக்கும் தெரியாது. ஜெயித்தாலும் தெரியாது. கைதட்டலும் இல்லாமல் திட்டும் இல்லாமல் ஒருவர் வருஷக்கணக்காக வெயிலில் போய் நிற்கிறார் என்றால், அவரை மகான் என்றுதான் சொல்ல வேண்டும்.

பஸ் நிலையத்துக்கு எதிரே அவருடைய கடை. நின்றுபோன கடிகாரங்களையெல்லாம் ஓடவைக்கிற கை அது. ஒற்றைக் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு அவர் குனிந்தால், கடுகைவிடச் சின்னத் திருகாணிகூடச் சொன்ன இடத்தில் போய் உட்காரும். கிரிக்கெட் பந்து மட்டும் அவருக்குக் கட்டுப்படவில்லை. பந்து ஸ்டம்பைச் சாய்த்துவிட்டு விக்கெட் கீப்பரின் கையில் இளைப்பாறிக்கொண்டிருக்கும்போதுதான் இவருடைய மட்டை மெதுவாகக் கீழே இறங்கும். இந்த சீசனில் அவருடைய அதிகபட்ச ஸ்கோர் ஏழு. அதிலும் நாலு, காலில் பட்டு ஓடியது. மட்டையில் பட்டதாக அம்பயர் பெருந்தன்மையுடன் நினைத்துக்கொண்டார்.

இதற்காகவா விட நினைத்தார்? சேச்சே. ரன் வரவில்லையே என்று ஆட்டத்தை விடுகிறவர்கள் முதல் டீம்காரர்கள். இவருடைய காரணமே வேறு.

கொஞ்ச நாளைக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழை வந்து மேட்ச் பாதியில் நின்றுபோனது. பையைத் தூக்கிக்கொண்டு சொட்டச் சொட்ட வீட்டுக்கு வந்தார். தெருமுனையிலேயே சிரிப்புச் சத்தம் கேட்டது. யார் வீட்டிலோ விசேஷம் என்று நினைத்துக்கொண்டே நடந்தவர், சத்தம் தம்முடைய வீட்டிலிருந்துதான் வருகிறது என்று தெரிந்ததும் வாசலில் நின்றுவிட்டார்.

அவர் மனைவி பல் டாக்டர். வீட்டின் முன்னறைதான் க்ளினிக். ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு. அந்த முன்னறையைத் தாண்டிக் கூடத்தை எட்டிப் பார்த்தார். அவருடைய சாய்வு நாற்காலியில் பேக்கரிக்காரரின் சம்சாரம் காலை நீட்டிச் சாய்ந்திருந்தாள். சோபாவில் மனைவியின் அக்காவும் மாடிவீட்டு அம்மாவும். நடுவில் பெரிய கேக், முக்கால்வாசி காலி. டாக்டரம்மா தரையில் உட்கார்ந்து, தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு, யாரோ நடப்பதுபோலத் தோளைக் கோணலாக ஆட்டிக்காட்டிக்கொண்டிருந்தாள். மாடிவீட்டு அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

இவர் தலை தெரிந்ததும் சிரிப்பு நின்றது. விளக்கை அணைத்தாற்போல நின்றது.

"மழையா?" என்றாள் டாக்டரம்மா.

"மழை" என்றார் இவர்.

அவ்வளவுதான். எல்லோருக்கும் அவரவர் வீட்டுக் கொடியில் காயும் துணிகளின் ஞாபகம் ஒரே சமயத்தில் வந்துவிட்டது.

மிச்சமிருந்த கேக்கைத் தின்றுகொண்டே கடிகாரக்காரர் யோசித்தார். அடடா, எத்தனை வருஷம் வீணாய்ப் போய்விட்டது! நாம் வெயிலில் வெந்துகொண்டிருக்கிறோம்; இங்கே சொர்க்கமே நடந்துகொண்டிருக்கிறது. பாவம், விஷயம் தெரிந்த ஆள் ஒருவர்கூட இல்லாமலே இவ்வளவு சிரிக்கிறார்கள். நடுவில் நாமும் உட்கார்ந்து நம் கிரிக்கெட் அனுபவங்களை எடுத்துவிட்டால் வீடு இடிந்தல்லவா விழும்?

அந்த டாக்டரம்மாவின் நிலைமையை இவர் ஒருநாளும் யோசித்ததில்லை. வாரம் முழுக்க அவள் பேசுவாள். எதிரே இருப்பவர் வாயைத் திறந்தபடி "ஆ" என்பார். கருவியை வெளியே எடுத்தால் வலிக்கிறது என்பார். இதைத் தவிர அவள் காதில் மனிதப் பேச்சு விழுவதில்லை. சாயங்காலம் கடையிலிருந்து வீட்டுக்காரர் வந்தால், அவர் பேசுவார். இவள் "ம்" என்பாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் அவள் பேசினால் பதில் வரும், பதிலுக்குச் சிரிப்பு வரும். அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற நாளெல்லாம் அடுத்தவர் பல்லைப் பொறுத்துக்கொண்டிருந்தாள்.

இதெல்லாம் தெரியாத கடிகாரக்காரர், சீசன் முடியப்போகிற வாரத்தில், டீ குடிக்கும் நேரமாகப் பார்த்துப் பேச்சை எடுத்தார்.

"ஒரு முக்கியமான விஷயம்."

"பல் வலியா?"

"இல்ல. தியாகம்."

"யாரு பண்ணாங்க?"

"நான்தான் பண்ணப்போறேன். கிரிக்கெட்டை விட்டுடறேன். உனக்காக."

டாக்டரம்மாவின் கையிலிருந்த டம்ளர் பாதி வழியில் நின்றது.

"எனக்காகவா? நான் என்னங்க தப்பு பண்ணேன்?"

"நீ ஒண்ணும் பண்ணல. இத்தனை வருஷமா ஞாயித்துக்கிழமை உன்னைத் தனியா விட்டுட்டுப் போயிட்டேனே. இனிமே காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் வீட்டைவிட்டு நகரமாட்டேன். உங்கக்கா வரட்டும், பேக்கரிக்காரம்மா வரட்டும், மாடிவீட்டம்மா வரட்டும். நான் நடுவுல உக்காந்து பேசிட்டிருப்பேன்."

"நீங்க பேசிட்டிருப்பீங்க?"

"ஒவ்வொரு மேட்சா சொல்லலாம்ல? ஆரம்பத்துலேருந்து?"

வேறு ஒருத்தியாக இருந்தால் அங்கேயே டம்ளர் பறந்திருக்கும். டாக்டரம்மா அப்படிப்பட்டவள் இல்லை. பிடிவாதமான கடைவாய்ப்பல்லைக்கூட அவள் இழுத்துப் பிடுங்குவதில்லை. இப்படிக் கொஞ்சம், அப்படிக் கொஞ்சம் அசைத்துக்கொண்டே இருப்பாள். பல் தானாகவே புறப்பட்டு வந்தது போலிருக்கும். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கணவரின் தோளில் கை வைத்தாள்.

"எவ்வளவு பெரிய மனசுங்க உங்களுக்கு!"

கடிகாரக்காரர் உருகிவிட்டார்.

"ஆனா ஊர் வாயை மூட முடியாதே" என்றாள். "ரன் எடுக்க முடியாம ஓடிட்டாருன்னு நாலு பேர் சொல்லுவாங்க. என் க்ளினிக்குக்கு வர்றவங்க நம்மளைப் பாத்துச் சிரிச்சா நான் எப்படித் தாங்குவேன்?"

"வாயைத் திறந்துட்டு எப்படிச் சிரிப்பாங்க?"

"மனசுக்குள்ள சிரிப்பாங்க. அதனால ஒண்ணு பண்ணுங்க. ஞாயித்துக்கிழமை மார்க்கெட் கிளப்போட கடைசி மேட்ச் இருக்கில்ல? அதை ஆடுங்க. பத்து ரன் எடுத்துட்டீங்கன்னா, உங்களுக்கு இன்னும் ஆட்டம் பாக்கியிருக்குன்னு அர்த்தம். அடுத்த சீசனும் ஆடியே ஆகணும். எடுக்கலைன்னா கௌரவமா விலகி வந்துடுங்க. உங்க நாற்காலியை நானே தொடைச்சு நடுக்கூடத்துல போடறேன்."

"பத்தா?"

"கஷ்டம்னா அஞ்சுன்னு வச்சுக்கலாமா?"

"வேண்டாம், வேண்டாம்! பத்தே இருக்கட்டும்!" என்று அவசரமாகக் கையை நீட்டினார் கடிகாரக்காரர். டாக்டரம்மா அந்தக் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். இவரும் செய்தார். உள்ளுக்குள் அவருக்கு ஒரே கும்மாளம். பாவம், ஆட்டம் தெரியாதவள். பத்து ரன் எடுக்காமல் இருப்பதில் தம்மை மிஞ்ச இந்த வட்டாரத்திலேயே ஆள் கிடையாது என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை வந்தது.

மைதானத்துக்கு ஒரு பக்கம் மரக்கடை, மறுபக்கம் லாரிகள் நிற்கிற இடம். முதல் டீம் மேட்சுகளுக்கு வெளியிலிருந்து அம்பயர்கள் வருவார்கள். இரண்டாவது டீமுக்கு அந்த ஆடம்பரமெல்லாம் இல்லை. எந்த டீம் மட்டை பிடிக்கிறதோ, அந்த டீமிலிருந்தே இரண்டு பேர் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு அம்பயராகப் போய் நிற்க வேண்டும். அந்தக் கோட்டுகள்கூட டாக்டரம்மாவின் க்ளினிக்கில் பழசாகிப்போனவைதான். ஒன்றின் பையில் இன்னும் பல் பார்க்கிற சின்னக் கண்ணாடி கிடந்தது.

ரயிலடி கிளப்தான் முதலில் ஆடியது. அவர்களுடைய கேப்டனான கணக்கு வாத்தியார் சீக்கிரமே அவுட்டாகிக் கோட்டை மாட்டிக்கொண்டுவிட்டார். அடுத்தடுத்து இரண்டு பேர் திரும்பினார்கள். கடிகாரக்காரர் கால்காப்பைக் கட்டிக்கொண்டு எழுந்தபோது, மரக்கடைப் பக்க நிழலில் ஒரு சலசலப்பு. திரும்பிப் பார்த்தார். குடையும் மடக்கு நாற்காலிகளுமாக டாக்டரம்மா வந்திறங்கிக்கொண்டிருந்தாள். கூடவே அக்கா, மாடிவீட்டு அம்மா, பேக்கரிக்காரரின் சம்சாரம். இத்தனை வருஷத்தில் அவள் மைதானத்துப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. கடைசி ஆட்டத்தைப் பார்த்து நம்மை மரியாதையாக அழைத்துப் போக வந்திருக்கிறாள் என்று நினைத்ததும் மட்டையை உயர்த்தி ஆட்டிக்காட்டினார். நேரே போய், பட்டென்று அவுட்டாகி, சீக்கிரமே அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட வேண்டும் என்று முடிவு கட்டிக்கொண்டு உள்ளே நடந்தார்.

மார்க்கெட் கிளப்பின் வேகப்பந்து வீச்சாளன் நெட்டையான ஆள். போன தடவை இவரை முதல் பந்திலேயே வீட்டுக்கு அனுப்பியவன். கடிகாரக்காரர் மட்டையைத் தோளுக்கு மேல் தூக்கிக்கொண்டு, மூன்று ஸ்டம்பும் நன்றாகத் தெரியும்படி ஒதுங்கி நின்றார். வா ராசா, வந்து அடி என்கிற மாதிரி.

நெட்டையன் ஓடிவந்தான். பந்து இவருக்கும் ஸ்டம்புக்கும் சம்பந்தமே இல்லாமல், லாரிகள் இருக்கிற திசையில் போயிற்று. வைட்.

அடுத்த பந்து, வைட். அதற்கடுத்ததும் அதே.

"தம்பி, ஸ்டம்ப் இங்க இருக்கு" என்று மட்டையால் தொட்டுக் காட்டினார்.

"தெரியும் சார்" என்றான் நெட்டையன். முகத்தில் ஈயாடவில்லை.

ஒருவழியாக ஒரு பந்து நேராக வந்தது. இதை விட்டால் வேறு எப்போது? காலை நடு ஸ்டம்புக்கு முன்னால் கொண்டுபோய் வைத்து, மட்டையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். பந்து முழங்காலுக்குக் கீழே கால்காப்பில் 'பொத்'தென்று மோதியது. பார்வையில்லாதவர்கூடச் சத்தத்தை வைத்தே அவுட் கொடுத்துவிடலாம். கடிகாரக்காரர் நிம்மதியாகக் கையுறையைக் கழற்றத் தொடங்கினார்.

மைதானத்தில் ஒரு சத்தமும் இல்லை. நெட்டையன் வானத்தைப் பார்த்தான். கீப்பர் பூமியைப் பார்த்தான்.

கடிகாரக்காரருக்குப் பொறுக்கவில்லை. அம்பயராக நின்ற கணக்கு வாத்தியாரைப் பார்த்துக் கேட்டார்.

"என்ன வாத்தியாரே, இது அவுட் இல்லையா?"

"யாரும் கேக்கலையே சார். கேட்டாத்தானே குடுக்க முடியும்?"

"நான் கேக்கறேன், குடுங்க."

"அவங்கதான் கேக்கணும். ஆடறவர் கேட்டாச் செல்லாது. சட்டம்."

"சட்டம் கிடக்கட்டும், நியாயத்தைச் சொல்லுங்க. அவுட்டா இல்லையா?"

"நம்ம டீம் அம்பயர்கிட்ட நின்னு அவுட் கேட்டு அடம்பிடிக்கிற ஆளை இன்னிக்குத்தான் சார் பாக்கறேன். ஆடுங்க, ஆடுங்க. பின்னால ஆள் காத்திருக்கு."

சரி, கேட்ச் கொடுத்துவிடலாம். யாரிடம்? மார்க்கெட் கிளப்பின் கேப்டன் பேக்கரிக்காரர். மாவுத் தட்டுகளை ஒற்றைக் கையில் தூக்கிப் பழகியவர். கையா அது, முறம். ஒரு கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருந்தார். அவர் தலைக்கு நேரே, தாலாட்டுப் போல, பந்தைத் தூக்கிக் கொடுத்தார் கடிகாரக்காரர். பேக்கரிக்காரர் அண்ணாந்தார். கையைக் குவித்தார். பந்து விரல்களுக்கிடையே புகுந்து தரையில் விழுந்து உருண்டது. எதிர்முனைக்காரன் "வாங்க, வாங்க!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்துவிட்டதால் இவரும் ஓட வேண்டியதாயிற்று. இரண்டு ரன்.

கிரீஸைவிட்டு வெளியே வந்து வீதியில் நிற்பதுபோல நின்றார். கீப்பர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டே, செருப்பைத் தொலைத்தவன் மாதிரி காலடியில் தேடிக்கொண்டிருந்தான். அடுத்து, ரன் அவுட்டாகலாம் என்று பந்தைத் தட்டிவிட்டுக் கோயில் பிராகாரம் சுற்றுகிறவர் போல நிதானமாக நடந்தார். எறிந்தவன் ஆளே இல்லாத பக்கம் எறிந்தான். பந்து எல்லைக்கோட்டைத் தாண்டியது. நடந்த ஒன்றும் தாண்டிய நாலும் சேர்ந்து ஐந்து ரன் இவர் கணக்கில் ஏறிவிட்டது.

ஆக ஏழு. இந்த சீசனின் சாதனை சமமாகிவிட்டது. நிழலிலிருந்து கைதட்டல் கேட்டது.

கடிகாரக்காரருக்கு வியர்த்துக் கொட்டியது. சாய்வு நாற்காலி கண்முன்னால் ஒவ்வொரு அடியாகப் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது. இவ்வளவு மோசமான டீமை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. ஒரு கிழவனை அவுட்டாக்கத் தெரியாத நீங்களெல்லாம் எதற்கடா வெள்ளைப் பேன்ட் போட்டுக்கொண்டு வந்தீர்கள் என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரத்தில், அடுத்த ஓவரின் முதல் பந்து வந்தபோது, கண்ணை இறுக மூடிக்கொண்டு மட்டையை விளக்குமாறு மாதிரி ஒரு வீசு வீசினார்.

'டொக்.'

அந்தச் சத்தத்தை அவர் இதற்கு முன்னால் அடுத்தவர் மட்டையில்தான் கேட்டிருக்கிறார். கையில் அதிர்ச்சியே இல்லை. நன்றாக எண்ணெய் போட்ட கடிகாரத்தில் சக்கரம் சக்கரத்தோடு பொருந்துவதுபோல, அவ்வளவு சுகமாக இருந்தது. கண்ணைத் திறந்தார். பந்து புல்லைச் சீவிக்கொண்டு போய் மரக்கடைச் சுவரில் மோதியது. நாலு.

பதினொன்று. பந்தயம் போயிற்று.

நிழலில் டாக்டரம்மா எழுந்து நின்று, குடையைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தாள். அழ வேண்டிய நேரம்தான். ஆனால் கடிகாரக்காரருக்கு அழுகை வரவில்லை. காதில் இன்னும் அந்த 'டொக்' கேட்டுக்கொண்டிருந்தது. இன்னொரு தடவை கேட்க வேண்டும் போலிருந்தது. இன்னும் ஒரே ஒரு தடவை.

கேட்டது. அடுத்த ஓவரில் அதற்கு அடுத்த தடவையும் கேட்டது. ஒதுங்கிப் போன பந்தைத் துரத்திப் பிடித்து அறைந்தார். கால் பக்கம் வந்ததைச் சும்மா திருப்பிவிட்டார். அது பாட்டுக்குப் போய்விட்டது. நெட்டையனின் வேகம் அவருக்குப் போதவில்லை. மூச்சு வாங்கியது, முழங்கால் முனகியது, அதைப் பற்றியெல்லாம் யாருக்குக் கவலை? லாரி டிரைவர்கள் வண்டி மேலேறி நின்று விசிலடித்தார்கள். உண்மையைச் சொன்னால், அந்த அரை மணி நேரம் பார்க்க அழகாகவே இருந்தது. வாழ்க்கை பூராவும் தாமதமாக இறங்கிய மட்டை, அன்று பந்து வருகிற நேரத்துக்குச் சரியாக இறங்கியது. எல்லோரும் அவுட்டான பிறகு, நாற்பத்தொன்று எடுத்து ஆட்டமிழக்காமல், மட்டையை உயர்த்திக்கொண்டு அவர் திரும்பி வந்தபோது, டாக்டரம்மாவின் கண்கள் பளபளவென்றிருந்தன.

"நீங்க இப்படி ஆடுவீங்கன்னு எனக்குத் தெரியாமப்போச்சே!" என்றாள்.

"எனக்கே தெரியாது" என்றார். அன்று அவர் பேசியதிலேயே முழு உண்மை அது ஒன்றுதான்.

மத்தியானம் மார்க்கெட் கிளப் ஆடி ஜெயித்துவிட்டது. கடிகாரக்காரர் இரண்டு கேட்சுகளைக் கோட்டைவிட்டார். அந்த விவரமெல்லாம் யாருக்கு வேண்டும்? கணக்கு வாத்தியார் எல்லோர் முன்னிலையிலும் அவரை அடுத்த சீசனுக்குத் துணைக் கேப்டனாக அறிவித்தார். கடிகாரக்காரர் ஏற்புரையே நிகழ்த்தினார். முழங்கால் உள்ளவரை மட்டையைக் கீழே வைக்கமாட்டேன் என்றார். பெண்கள் பக்கத்திலிருந்துதான் பலத்த கைதட்டல்.

ஆனாலும் மனசுக்குள் ஒரு நெருடல். யாரும் அவுட் கேட்காதது எப்படி? மட்டையைப் பையில் வைத்துக்கொண்டே அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார். அப்போது பேக்கரிக்காரர் கன்னத்தில் கையோடு மெதுவாகப் பக்கத்தில் வந்தார்.

"சார், மனசு கேக்கல. உங்ககிட்ட ஒண்ணு சொல்லிடணும்."

"சொல்லுங்க."

"வியாழக்கிழமை பல் வலின்னு உங்க வீட்டம்மாகிட்டப் போனேன். நாற்காலியில சாய்ச்சு, வாய் நிறையப் பஞ்சை வச்சு, அந்த மெஷினைக் கையில எடுத்துக்கிட்டுக் கேட்டாங்க: 'ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்காரர் பத்து ரன் எடுத்தாகணும். நீங்க பாத்துக்குவீங்கல்ல?' அப்படின்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"'ஆ'ன்னேன்."

"மாட்டேன்னு சொல்லக்கூடாதா?"

"அதைத்தான் சார் சொன்னேன்! வாயைத் திறந்து வச்சிட்டு எதைச் சொன்னாலும் 'ஆ'ன்னுதான் வருது. 'ரொம்ப சந்தோஷம்'னாங்க. பல்லைப் பாதி அடைச்சுட்டு, 'மீதியைத் திங்கட்கிழமை பாப்போம், ஞாயித்துக்கிழமை எப்படிப் போகுதுன்னு தெரியட்டும்'னாங்க. வீட்டுக்குப் போனா, சம்சாரம் வேற. 'உங்க சாப்பாட்டுத் தட்டுல எதாவது விழணும்னா, அவர் பத்து ரன் எடுக்கணும்'னு சொல்லிட்டா. உங்க வாத்தியார்கூட வெள்ளிக்கிழமை அதே நாற்காலியில படுத்து எழுந்தவர்தான் சார்."

கடிகாரக்காரருக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. "அப்ப என் நாற்பத்தொண்ணு..."

"அவசரப்படாதீங்க சார். பத்து வரைக்கும்தான் பேச்சு. அதைத் தாண்டினதும், 'வாக்கைக் காப்பாத்தியாச்சு, இனிமே தூக்குங்கடா அவரை'ன்னு நானே பசங்ககிட்டச் சொன்னேன். உயிரைக் குடுத்துப் போட்டோம். முடியல சார்! நெட்டையன் இப்பத் தோள்ல ஐஸ் வச்சிட்டு உக்காந்திருக்கான். கடைசி முப்பது ரன்னும் சத்தியமா உங்க சொந்தக் கை."

சூடான காது குளிர்ந்தது. மார்பு விரிந்தது. முப்பது! யாருடைய தயவும் இல்லாத, சொந்த முப்பது!

வீட்டுக்குத் திரும்பும்போது அவர் நடக்கவில்லை, பவனி வந்தார். கூடத்தில் நின்று பையை இறக்கினார். டாக்டரம்மா சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் தெரிஞ்சுபோச்சு" என்றார், குரலைக் கனமாக்கிக்கொண்டு.

பாத்திரச் சத்தம் நின்றது. "என்ன தெரிஞ்சுபோச்சு?"

"பல் நாற்காலி. பஞ்சு. பத்து ரன். பேக்கரிக்காரர் ஒண்ணுவிடாமச் சொல்லிட்டாரு."

"ஐயோ, சொல்லிட்டாரா? கோபமா உங்களுக்கு?"

"கோபமா? உன் மூளைக்கு ஒரு கும்பிடு! இப்படி ஒரு கேப்டன் எங்க கிளப்புக்குக் கிடைச்சிருந்தா எப்பவோ முதல் டீமா ஆகியிருப்போம். என்னை வீட்டைவிட்டுத் துரத்தணும்னு எவ்வளவு பெரிய ஏற்பாடு! ஆனா ஒரு விஷயத்துல நீ ஏமாந்துட்ட."

"எதுலங்க?"

"பத்து உன்னுது. ஒத்துக்கறேன். மீதி முப்பது என்னுது. நீ உன் ஞாயித்துக்கிழமைக்காக என்னை மைதானத்துக்கு அனுப்பின. அங்க போய்ப் பாத்தா, உள்ளே இத்தனை நாளா ஒரு ஆட்டக்காரன் தூங்கிட்டிருந்திருக்கான். இனிமே நீ கெஞ்சினாக்கூட ஞாயித்துக்கிழமை நான் வீட்ல தங்கமாட்டேன். பந்தயத்துக்காக இல்ல. ஆட்டத்துக்காக!"

"எனக்கு இது வேணும்ங்க" என்று சமையலறையிலிருந்து அடக்கமான குரல் வந்தது. "உங்களைக் குறைச்சு எடை போட்டுட்டேன்."

கடிகாரக்காரர் மன்னிக்கிற தோரணையில் தலையை ஆட்டினார். அந்த நேரம் பார்த்து முன்னறையில் க்ளினிக் போன் அடித்தது.

"கை ஈரமா இருக்கு, கொஞ்சம் எடுங்களேன்" என்றாள்.

எடுத்தார். வாயைத் திறப்பதற்குள் மறுமுனை பேசத் தொடங்கிவிட்டது.

"டாக்டரம்மா, நான் பேக்கரிக்காரன். நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியே எல்லாத்தையும் சொல்லிட்டேன். முதல் பத்தை மட்டும் ஒத்துக்கிட்டா மீதி முப்பதை அப்படியே நம்பிடுவாருன்னு சொன்னீங்களே, நூத்துக்கு நூறு! மனுஷன் மாரை நிமித்திக்கிட்டுப் போறாரு. ஒரே கஷ்டம்மா, முப்பதும் நேரா அவர் மட்டையில போய்ப் படற மாதிரி போட்டுப் போட்டு, நெட்டையனுக்குத் தோளே இறங்கிடுச்சு. வாக்கைக் காப்பாத்திட்டேம்மா. மீதிப் பல்லுக்கு நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும்?"

கடிகாரக்காரர் போனை வைத்தார். கோபம் வர வேண்டும், வந்தது. உள்ளே போய்ச் சத்தம் போடலாம் என்று இரண்டு அடி எடுத்து வைத்தார். போட்டால்? முப்பதும் போய்விடும். துணைக் கேப்டன் பதவி போய்விடும். அந்த 'டொக்'கும் போய்விடும். தெரிந்ததாகக் காட்டிக்கொண்டாலும் நஷ்டம் தமக்குத்தான் என்பதுவரை யோசித்து வைத்திருக்கிறாளே, எப்பேர்ப்பட்ட பெண் என்று நினைத்தபோது, கோபம் கரைந்து, ஒரு பிரமிப்புத்தான் மிஞ்சியது. மெல்லத் திரும்பி வந்து, பையிலிருந்து மட்டையை எடுத்து, துணியால் துடைக்க ஆரம்பித்தார்.

"யாருங்க போன்ல?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"ராங் நம்பர்" என்றார்.

"அப்படியா? சரி, அந்த ராங் நம்பரை நாளைக்கு எத்தனை மணிக்கு வரச் சொன்னீங்க?"